போர்ட் வெல்ட்: ஒரு பெயர்ப்பலகை சொல்லும் வரலாறு



ஊர்ப்பெயர்களை ஆராய்வது எனக்கு நெடுநாளைய விருப்பம். நான் வாழும் சிம்பாங் பூலாய் என்னும் ஊரின் பெயரையே எடுத்துக்கொள்வோம். 'சிம்பாங்' என்றால் மலாய் மொழியில் சந்தி. 'பூலாய்' என்பது ஒரு மரம். தமிழில் அதனை ஏழிலைப்பாலை என்போம். எனவே, நம் ஊர் 'ஏழிலைப்பாலைச் சந்தி'. பெயரை வைத்தவர் யாரென்று தெரியாவிட்டாலும், அவர் கண்முன் நின்ற மரமும் பிரிந்து சென்ற பாதையும் பெயரிலேயே தங்கிவிட்டன. பேராக் மாநிலத்தின் பெரும்பாலான ஊர்ப்பெயர்கள் இவ்வாறே மண்ணிலிருந்து முளைத்தவை.

ஆனால், மண்ணிலிருந்து முளைக்காமல், கப்பலேறி வந்த பெயர்களும் உண்டு. அத்தகைய பெயர் ஒன்றைத் தாங்கிய கடலோரச் சிற்றூரைப் பற்றியே இக்கட்டுரையில் எழுத விழைகிறேன். இன்று அவ்வூரின் பெயர் கோலா செபெத்தாங். அதன் பழைய பெயர் போர்ட் வெல்ட்.

இவ்வூருக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவலாம். தொடர்பு உண்டு. அது அங்கே நிற்கும் ஒரு பலகையிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

ஊரும் அமைவிடமும்

ஈப்போவிலிருந்து வடக்கு நோக்கிச் சென்று, தைப்பிங் நகருக்கு அருகிலுள்ள சிம்பாங்கில் மேற்கே திரும்பினால் மாத்தாங் வரும். மாத்தாங்கைத் தாண்டினால் சாலையின் இருமருங்கும் சதுப்புநிலக் காடு தொடங்கும். சாலை முடியும் இடத்தில் செபெத்தாங் ஆறு. ஆற்றங்கரையில் மரக்கால்களின்மேல் நிற்கும் வீடுகள், மீன்பிடிப் படகுகள், கறி மீ விற்கும் கடைகள். தைப்பிங்கிலிருந்து இவ்வூர் ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது.

ஊரைச் சூழ்ந்துள்ள மாத்தாங் சதுப்புநிலக் காடு ஏறத்தாழ 40,000 எக்டர் பரப்புடையது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் திட்டமிட்டுப் பராமரிக்கப்பட்டு வருவதால், முறையான பராமரிப்புக்கு எடுத்துக்காட்டாக உலகின் பல நாட்டு வன வல்லுநர்கள் இதனைக் குறிப்பிடுவர். இங்கே ஒரு மரம் நட்ட 30 ஆண்டுகள் கழித்தே வெட்டப்படும். இடையில் 15ஆம் ஆண்டிலும் 20ஆம் ஆண்டிலும் அடர்த்தியைக் குறைக்கச் சில மரங்களை நீக்குவர். வெட்டிய மரத்தைக் கவிழ்த்த பானை போன்ற செங்கற் சூளைகளில் அடுக்கிப் பல நாள் புகையவிட்டுக் கரியாக்குவர். இக்கரித் தொழில் இன்றளவும் நடைபெறுகிறது.

இத்தகைய அமைதியான ஊரில்தான் மலாயாவின் முதல் இரயில் பாதை வந்து முடிந்தது.

ஈயம் தேடிய பாதை

இவ்வட்டாரத்தின் பழைய பெயர் லாருட். 1840களில் லோங் ஜாஃபார் என்னும் மலாய்த் தலைவரின் காலத்தில் இங்கே ஈயம் தோண்டும் தொழில் வளரத் தொடங்கியது. அவருடைய யானை காட்டில் தொலைந்து, திரும்பி வந்தபோது அதன் காலில் ஈயமண் ஒட்டியிருந்ததாகவும், அந்த யானையின் பெயர்தான் லாருட் என்றும் ஒரு செவிவழிக் கதை உண்டு. மாணவர்கள் மிகவும் விரும்பிக் கேட்கும் கதை இது.

ஈய லம்பங்களில் வேலை செய்யச் சீனர்கள் ஆயிரக்கணக்கில் வந்தனர். கீ ஹின், ஹாய் சான் என்னும் இரு குழுக்களுக்கிடையே 1861ஆம் ஆண்டு மூண்ட சண்டை, விட்டுவிட்டு 1874ஆம் ஆண்டு வரை நீடித்தது. அவ்வாண்டு ஜனவரி 20ஆம் நாள் பங்கோர் உடன்படிக்கை கையெழுத்தானது. அதன்வழி பேராக்கில் ஆங்கிலேய ரெசிடென்ட் ஆட்சி நுழைந்தது. சண்டை ஓய்ந்த ஊருக்குச் சீன மொழியில் 'நிலைத்த அமைதி' என்னும் பொருளில் தைப்பிங் எனப் பெயரிட்டனர்.

தைப்பிங்கில் தோண்டிய ஈயத்தைக் கடலுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். சேறும் பள்ளமுமான பாதையில் வண்டிகள் நகர்வது பெரும்பாடு. 1877 முதல் 1889 வரை பேராக்கின் ரெசிடென்டாக இருந்த சர் ஹியூ லோ, இதற்குத் தீர்வாக இரயில் பாதை அமைக்கும் பணியைத் தொடங்கினார். 1885ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள், தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே முதல் இரயில் ஓடியது. பாதையின் நீளம் 8 மைல், அதாவது ஏறத்தாழ 13 கிலோமீட்டர்.

அடுத்த ஆண்டில் கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும், 1891இல் சிரம்பானுக்கும் போர்ட் டிக்சனுக்கும் இடையே பாதைகள் வந்தன. இம்மூன்றையும் வரைபடத்தில் வரையச் சொன்னால், மாணவர்களே ஓர் உண்மையைக் கண்டுபிடிப்பர். மூன்று பாதைகளும் ஊரையும் ஊரையும் இணைக்கவில்லை. ஈயத்தையும் கடலையும் இணைத்தன. மக்கள் போக்குவரத்துக்கு முன்பாகப் பொருளின் போக்குவரத்தே ஆட்சியாளரின் கருத்தில் நின்றது.

பெயர் கொடுத்தவரின் ஊர்

துறைமுகத்துக்குப் பெயர் கொடுத்தவர் சர் ஃபிரெடரிக் வெல்ட். 1880 முதல் 1887 வரை நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநராக இருந்தவர். பினாங்கின் வெல்ட் கீயும் அவர் பெயரால் அமைந்ததே.

இவர் 1823ஆம் ஆண்டு இங்கிலாந்தின் தென்கடற்கரையில், டோர்செட் மாவட்டத்தின் பிரிட்போர்ட் நகருக்கு அருகில் பிறந்தார். அவர் குடும்பத்தின் ஊர் சிடியோக். இன்றும் சில நூறு பேர் மட்டுமே வாழும் சிற்றூர். அங்கிருந்து சற்றேறக்குறைய ஒரு கிலோமீட்டர் நடந்தால் கடல் வந்துவிடும். கரையோரம் 'கோல்டன் கேப்' என்னும் குன்று 191 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. இங்கிலாந்தின் தென்கடற்கரையில் அதுவே மிக உயர்ந்த இடம். நம் ஊரின் சுண்ணாம்புக் குன்றுகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அது பெரிய உயரமாகத் தோன்றாது.

இச்சிற்றூரின் வரலாறு துன்பம் நிறைந்தது. பதினாறாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் கத்தோலிக்கச் சமயம் தடைசெய்யப்பட்டிருந்தது. சிடியோக் கோட்டையில் இருந்தவர்களோ அச்சமயத்தை மறைவாகப் பின்பற்றினர். 1594ஆம் ஆண்டு கோட்டையைச் சோதனையிட்டு, ஜான் கொர்னீலியஸ் என்னும் பாதிரியாரைப் பிடித்தனர். அவருடன் தாமஸ் போஸ்கிரேவ் என்பவரும், கோட்டையில் வேலை செய்துவந்த ஜான் கேரி, பேட்ரிக் சால்மன் என்னும் இருவரும் சிறைப்பட்டனர். இவ்விருவரும் அயர்லாந்திலிருந்து வந்த வேலையாட்கள். நால்வரும் அவ்வாண்டு ஜூலை 4ஆம் நாள் டோர்செஸ்டர் நகரில் கொல்லப்பட்டனர். பின்னர் 1645இல், உள்நாட்டுப் போரின்போது கோட்டையும் தகர்க்கப்பட்டது.

இன்று கோட்டை இருந்த இடத்தில் புல்வெளியும் அகழியின் தடமும்தாம் எஞ்சியுள்ளன. அவ்விடத்தில் ஒரு சிலுவையை நட்டுக் கொல்லப்பட்டவர்களை நினைவுகூர்கின்றனர். 1929ஆம் ஆண்டு கத்தோலிக்கத் திருச்சபை நால்வருக்கும் அருளாளர் என்னும் சிறப்பை வழங்கியது. பாதிரியாருக்கு வழங்கிய அதே சிறப்பு, அந்த இரண்டு வேலையாட்களுக்கும் கிடைத்தது.

வெல்ட் குடும்பமும் கத்தோலிக்கக் குடும்பமே. 1802ஆம் ஆண்டு அக்குடும்பம் சிடியோக் நிலத்தை வாங்கியது. அக்காலத்தில் கத்தோலிக்கர் நாடாளுமன்றத்தில் அமர இயலாது. அவர்களுக்கு அவ்வுரிமை கிடைத்தது 1829ஆம் ஆண்டில்தான். அப்போது ஃபிரெடரிக் வெல்டுக்கு ஆறு வயது. ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களில் பட்டம் பெறும் வழியும் கத்தோலிக்கருக்கு அடைபட்டிருந்ததால், அவர் சுவிட்சர்லாந்துக்குச் சென்று பயின்றார். பிறகு நியூசிலாந்துக்குக் கப்பலேறி, ஆட்டுப்பண்ணை நடத்தி, 1864இல் அந்நாட்டின் பிரதமரானார். அதன்பின் மேற்கு ஆஸ்திரேலியா, தாஸ்மேனியா ஆகியவற்றின் ஆளுநராக இருந்து, இறுதியாக நம் பகுதிக்கு வந்தார். 1891ஆம் ஆண்டு சிடியோக்கிலேயே காலமானார்.

சொந்த நாட்டில் உரிமை மறுக்கப்பட்ட ஒரு சமூகத்தில் பிறந்தவர் அவர். அவருடைய ஆட்சியின்போதுதான் நியூசிலாந்தில் மாவோரி மக்களின் நிலங்கள் பெருமளவில் பறிமுதல் செய்யப்பட்டன. மலாய் மாநிலங்களில் ஆங்கிலேயர் செல்வாக்கை விரிவுபடுத்துவதிலும் அவர் முனைப்பாக இருந்தார். மனிதரை வெள்ளை, கறுப்பு எனப் பிரித்து எழுதிவிடுவது எளிது. வரலாறு அவ்வாறு எளிதாக இருப்பதில்லை. இதனை ஆறாம் ஆண்டு மாணவருக்கும் சொல்லலாம், அவர்களுக்குப் புரியும்.

தண்டவாளத்தைப் போட்டவர்கள்

இனி, நம் கதைக்கு வருவோம்.

போர்ட் வெல்ட் பாதையை அமைக்க இலங்கையிலிருந்து பயனியர் படைப்பிரிவினர் வரவழைக்கப்பட்டனர். 'படை' என்ற சொல்லைக் கேட்டுத் துப்பாக்கி ஏந்தியவர்கள் என்று எண்ணிவிட வேண்டா. மண்வெட்டியும் கடப்பாரையும் ஏந்திய உழைப்பாளர் படை அது. இலங்கையில் சாலையும் பாலமும் அமைத்துப் பழகியவர்கள், லாருட்டின் சதுப்பு நிலத்தில் மண்ணைக் கொட்டி, மேடாக்கி, கட்டைகளைப் பரப்பித் தண்டவாளம் பதித்தனர்.

அக்காலத்துச் சூழலையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். மலேரியாக் காய்ச்சல் கொசுவினால் பரவுகிறது என்பதை 1885இல் மருத்துவ உலகம் அறிந்திருக்கவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1897இல்தான் ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் அக்கிருமியைக் கண்டறிந்தார். கண்டறிந்த பின்னரும் நிலைமை உடனே மாறிவிடவில்லை. 1901ஆம் ஆண்டு திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹம் துறைமுகத்தைத் திறந்த சில மாதங்களிலேயே மலேரியாவினால் மூட வேண்டியதாயிற்று. கடலோரச் சேற்றில் நின்று வேலை செய்வது எத்தகைய இடர் என்பதற்கு இதுவே சான்று.

பாதை அமைந்த பின்னர், மலாயா இரயில்வேயின் அலுவலகங்களில் யாழ்ப்பாணத் தமிழர் பெருமளவில் பணியாற்றினர். நிலைய அதிபர் என்றாலே யாழ்ப்பாணத்தவர் என்று மக்கள் நினைக்கும் அளவுக்கு அவர்கள் இருந்தனர். தண்டவாளத்தைப் பழுதுபார்க்கும் கூட்டங்களில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் உழைத்தனர். வடக்கே கிரியான் பகுதியின் கரும்புத் தோட்டங்களிலும், பின்னர் எங்கும் பரவிய ரப்பர் தோட்டங்களிலும் நம்மவர் குடியேறினர்.

இந்த மக்கள் அனைவரும் இரயிலில் ஏறினர், இறங்கினர். அதன் அடையாளமாகவே போர்ட் வெல்ட் நிலையத்தின் பெயர்ப்பலகை நான்கு எழுத்துகளில் அமைந்தது: உரோமன், ஜாவி, சீனம், தமிழ்.

அந்தப் பலகை இன்றும் நிற்கிறது. 1903ஆம் ஆண்டு பிறையிலிருந்து சிரம்பான் வரை நெடும்பாதை இணைந்தபோது, தைப்பிங்கின் சரக்கு நேரே பினாங்கை நோக்கிச் செல்ல வழி பிறந்தது. ஈயத் தொழிலும் லாருட்டை விட்டு நம் கிந்தாப் பள்ளத்தாக்கிற்கு நகர்ந்துவிட்டது. போர்ட் வெல்ட் மெல்ல மெல்ல முதன்மையை இழந்தது. 1980களில் தண்டவாளங்களையும் பெயர்த்தெடுத்துவிட்டனர். ஊர்ப்பெயரும் கோலா செபெத்தாங் என்றானது. பயணச்சீட்டு விற்ற சிறு முகப்பும் பெயர்ப்பலகையும் மட்டுமே மிச்சம்.

பலகையில் ஆளுநரின் பெயர் நான்கு எழுத்துகளிலும் இருக்கிறது. பாதையைப் போட்டவர்களுள் ஒருவர் பெயர்கூட அதில் இல்லை. பலகையில் இருப்பது அவர்களுடைய மொழி மட்டுமே.

எனக்கு இது சிறிய செய்தியாகத் தோன்றவில்லை. சிடியோக் என்னும் சிற்றூர், கோட்டையில் கூலிக்கு வேலை செய்த இருவரின் பெயரை நானூறு ஆண்டுகளுக்கு மேலாகக் காத்து வைத்திருக்கிறது. அவ்வூர்க் குடும்பத்தில் பிறந்தவரின் பெயரைத் தாங்கிய நம் சிற்றூரில், உழைத்தவர்கள் பெயரின்றி மறைந்தனர். சிடியோக் மக்கள் நம்மைவிட உயர்ந்தவர்கள் என்பது இதன் பொருளன்று. அவர்கள் எழுதி வைத்தனர், ஆண்டுதோறும் நினைவுகூர்ந்தனர், பிள்ளைகளுக்குச் சொல்லினர். அவ்வளவே வேறுபாடு.

வகுப்பறையில் இதன் பயன்

மாணவன் ஒருவன் ஒருமுறை என்னிடம், "ஐயா, இரயில் என்றால் நம் ஆட்கள் சயாமில் செத்ததுதானே?" என்று கேட்டான். அவன் கேட்டதில் தவறில்லை. 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம்-பர்மா இரயில் பாதையில் பல்லாயிரம் மலாயாத் தமிழர் மாண்ட துயரம் நம் வீடுகளில் வாய்வழியாக வந்த வரலாறு. அதனை மறக்கவே கூடாது. ஆயினும், இரயிலோடு நம் உறவு சாவில் தொடங்கவில்லை என்பதையும் அப்பிள்ளை அறிய வேண்டும். சயாம் பாதைக்கு 57 ஆண்டுகளுக்கு முன்பே, இந்நாட்டின் முதல் தண்டவாளம் இலங்கையிலிருந்து வந்த உழைப்பாளர்களால் பதிக்கப்பட்டது. இந்நாட்டின் வளர்ச்சியில் நமக்குள்ள பங்கை இரந்து கேட்க வேண்டியதில்லை. சான்று காட்டிச் சொல்லலாம்.

யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டு அகற்றப்பட்டுவிட்டது. நான்காம் ஆண்டு முதல் வரலாறு தனிப்பாடமாக உள்ளது. ஆகவே, வட்டார வரலாற்றுக்கு நேரம் ஒதுக்க முன்னைவிட இப்போது வாய்ப்பு மிகுதி. என் பரிந்துரைகள் சில:

1. தைப்பிங், மாத்தாங், கோலா செபெத்தாங் ஆகிய மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். தைப்பிங்கில் முதல் இரயில் நிலையம் இருந்த இடத்தில்தான் இன்று ஏழாம் எட்வர்ட் மன்னர் பள்ளி நிற்கிறது. மாத்தாங்கில் ஙா இப்ராஹிம் கோட்டை உள்ளது. ரெசிடென்ட் பர்ச் கொலை வழக்கு விசாரணை நடந்த கட்டடம் அது. 1913 முதல் 1922 வரை அங்கே மலாய் ஆசிரியர்களுக்கான பயிற்சிக் கல்லூரி இயங்கியது. ஆசிரியர் கல்விக் கழகத்தில் பயின்று வந்த எனக்கு, அக்கட்டடத்தில் நிற்கும்போது தனி மதிப்பு தோன்றும்.

2. பெயர்ப்பலகையை மாணவர்கள் பார்த்து வரையட்டும். நான்கு எழுத்துகள் ஏன் இருந்தன, யாருக்காக இருந்தன என்று அவர்களையே கேட்டு விடை காணச் செய்க.

3. பெயர் மாறிய ஊர்களின் பட்டியலைத் தொகுக்கச் சொல்க. தெலுக் ஆன்சன் தெலுக் இந்தான் ஆனது. போர்ட் சுவெட்டன்ஹம் போர்ட் கிள்ளான் ஆனது. போர்ட் டிக்சன் மட்டும் மாறவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருக்கும்.

4. ஒவ்வொரு மாணவரும் தத்தம் தாத்தா பாட்டியிடம் மூன்று வினாக்கள் கேட்டு எழுதி வரட்டும். எந்தத் தோட்டத்தில் அல்லது எந்த வேலையில் இருந்தீர்கள்? உங்களோடு வேலை செய்தவர்கள் யார் யார்? அவ்விடத்தில் இன்று என்ன இருக்கிறது?

நான்காவதே மிக இன்றியமையாதது. ஈப்போவைச் சுற்றியிருந்த பல தோட்டங்கள் இன்று வீடமைப்புப் பகுதிகளாகவும் செம்பனைக் காடுகளாகவும் மாறிவிட்டன. லயன் வீடுகள் போயின. கோயில்கள் சில எஞ்சியுள்ளன. அங்கே வாழ்ந்தவர்களின் பெயர்கள், எழுபதைக் கடந்த முதியவர்களின் நினைவில் மட்டுமே உள்ளன. அவர்களிடம் கேட்பதற்கு நமக்கு இன்னும் பல ஆண்டுகள் இல்லை.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை ஓர் ஏட்டை எடுத்துக்கொண்டு தாத்தாவின் அருகில் அமர்ந்தால், "போய்ப் பாடத்தைப் படி" என்று எழுப்பிவிடாதீர்கள். அவர் பால்வெட்டிய நிரையையும், உடன் வெட்டியவர்களின் பெயரையும் சொல்லட்டும், பிள்ளை எழுதட்டும். பெயர், ஊர், வேலை, ஆண்டு ஆகிய நான்கும் இருந்தால் போதும். அந்த ஏட்டைப் பள்ளிக்குக் கொடுத்து அனுப்புங்கள். நூல்நிலையத்தில் ஒரு பெட்டியில் வைத்துக் காப்பது எங்கள் கடமை.

மீண்டும் எழுதுவேன்.